தாக்கம்: மிதம்

தை மாதத்தில் அளந்தோம்.
தையில் கடல்
கடன் கேட்க வந்தவனைப் போலக் குரல் தாழ்த்தியிருக்கும்.
"ஆடியில வாங்க, அப்ப அளங்க அதை"
என்றார் சேசுராயன்.
ஆடிக்குள் அறிக்கை அச்சாகிவிடும்.
அலை உயரம் அரை மீட்டர்,
எழுதிக்கொண்டேன்.

வாலிநோக்கத்துக்கும் ஏர்வாடிக்கும் இடையில்
எங்கள் வரைபடத்தில் அந்த ஊருக்குப் பெயர் இல்லை,
நான்காம் வெட்டுக்கோடு.
கோட்டின் மேல் அறுபத்தேழு வீடுகள், ஒரு குருசடி,
கவிழ்த்த ஐஸ் பெட்டியின் நிழலில் ஒரு நாய்.

சேசுராயன் கைலியை மடித்துக் கட்டி
இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.
"இது நடை.
இது பிள்ளைக படுக்குற இடம்."
இரண்டு எட்டு வைத்தார்.
"அடுப்பு."
அவர் நின்ற இடத்தில் உப்பு
ஆயிரத்துக்கு முப்பத்து நான்கு.

மேற்கே அடுத்த ஊரில் கல் போட்டதிலிருந்துதான் என்கிறார்.
தூண்டில் வளைவு.
மீனே பிடிக்காத தூண்டில்.
சோநீவாட்டில் கிழக்கே நடந்துபோகும் மண்ணைக்
கொத்தி வைத்துக்கொள்ளும்.
அங்கே வளர்ந்த கரையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்,
இங்கே பனைகளின் வேர் காற்றில் தொங்குகிறது.
ஆகவே இவருக்கும் ஒரு தூண்டில் வேண்டும்.
மனுவில் கையெழுத்தும் கைநாட்டுமாக நூற்று முப்பது.

அடைக்கலமேரி போடவில்லை.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி
மரிக்கொழுந்துப் பாசி பறிக்க மூழ்குபவர்.
கல் விழப்போகிற இடத்தில்தான்
இப்போது அவர் கை விழுகிறது.
"புதுக் கல்லுலயும் பாசி பிடிக்குமேக்கா" என்றேன்,
படித்த வாயால்.
"பிடிக்கும். எத்தன வருசத்துல?"
"மூணு, நாலு..."
"அதுவரைக்கும் உலையிலயும் கல்லையே போட்டு வைக்கவா?"
கோபமாகச் சொல்லவில்லை.
நீர்க்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

கடலடியில் சட்டத்தை வைத்து எண்ணினேன்.
ஒரு சதுர மீட்டருக்குள்
கடற்புல் நாற்பது விழுக்காடு,
ஒரு சங்கு, வார் அறுந்த செருப்பு,
செத்த பவளத்தின் மேல் நாணயம் அளவுக்கு உயிருள்ள பவளம்.
ஒரு கை தள்ளி,
பெரிதாக ஏதோ மேய்ந்துபோன தடம்
புல்லுக்குள் வளைந்து வளைந்து போனது.
ஆவுளியா என்றால் தனி அத்தியாயம் எழுத வேண்டும்.
"சட்டத்துக்குள்ள இருக்கா?" என்றார் குழுத் தலைவர்.
இல்லை.

கல் எங்கிருந்து வரும்?
இந்தக் கரையில் உடைக்க மலை இல்லை.
வேறெங்கோ ஒரு குன்று, அதன் அடியில் கண்மாய்,
வெடிச் சத்தத்துக்கு எழும்பிப் பறக்கும் மயில்கள்.
எல்லாம் ஆய்வு எல்லைக்கு வெளியே.

கிழக்கே அடுத்த ஊரும் வெளியேதான்.
அங்கிருந்து கருத்துக்கேட்புக்கு வந்தார் ரக்கீப்,
சட்டைப் பையில் எட்டாக மடித்த தாளோடு.
"இவங்க கல்லப் போட்டா எங்க மண்ணு?"
தாளைப் பிரிக்கவே இல்லை, அந்த ஒரு வரிதான்.
அவர் பெயரை எழுதப் பதிவேட்டில் இடம் இருக்கவில்லை.
பந்தலுக்குள் சேசுராயனும் அவரும்
முகம் பார்க்காமல் நின்றார்கள்.
பிறகு ஒரே பைக்கில் போனார்கள்,
டீ குடிக்க என்று நினைக்கிறேன்.

அட்டவணையில் மூன்று கட்டங்கள்.
அதிகம் என்றால் கல் வராது,
சேசுராயனின் அடுத்த சுவர் போகும்.
குறைவு என்றால்
அடைக்கலமேரி அங்கே மூழ்கியதே இல்லை.
மிதம் என்று போட்டேன்.
மிதம், யாருக்கும் நேராத அளவு.

ஆவணியில் என் காசில் பஸ் ஏறிப் போனேன்.
தையில் அலைவாயிலிருந்து பதினான்கு மீட்டர் உள்ளே
சிவப்புச் சாயம் பூசி நான் அடித்த முளைக்குச்சி
தண்ணீருக்குள் நின்றது.
யாரோ அதில் வள்ளத்தைக் கட்டியிருந்தார்கள்.
இழுத்துப் பார்த்தேன்.
நல்ல முடிச்சு.